ஏழு பூச்சு மெழுகு

என் மச்சான் என்னோடு பேசாமல் இருந்தது மூன்று வருடமும் சில வாரங்களும். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறவர். பேசாமல் இருந்தார் என்றதும் எங்கள் வாசற்படி மிதிக்காமல் இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். நடுவில் ஒரு லீவுக்கு வந்தார், எங்கள் வீட்டுக்கும் வந்தார், என் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார். கொடுவா மீனில் நடுத்துண்டு எனக்கு வர வேண்டும் என்று தோன்றினால் தங்கச்சியைப் பார்த்து, அவருக்கு வை என்பார். அவருக்கு இன்னும் சோறு வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் நானும் அவளைத்தான் கேட்க வேண்டும். ஒரு முழ இடைவெளியில் இரண்டு ஆம்பளைகள் உட்கார்ந்திருக்க, அவள் கரண்டியோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த லீவு முடிந்ததும் அவளுக்குக் கழுத்துவலித் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான். என் மாமனார் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறந்துபோனார். மகனுக்கு மறுநாள் காலை விமானத்தில்தான் டிக்கெட் கிடைத்தது. திருச்சியில் இறங்கி, வேன் பிடித்துக் காரைக்கால் வந்து சேர எப்படியும் ஐந்தரை ஆகிவிடும். இங்கே ஐஸ் பெட்டிக்குக் கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. உடம்பு ஏற்கெனவே நீர் கோத்திருந்த உடம்பு. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தெருப் பெரியவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் முடிவு சொல்லக்கூடிய ஆம்பளை அன்றைக்கு நான் ஒருவன்தான். காலை எட்டரை மணிக்கு, நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

அந்த நேரத்தில் மச்சான் சார்ஜா விமான நிலையத்தில் கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் எடுத்திருப்பார். நான் கூப்பிடவில்லை. கேட்டால், இருங்க, நான் வந்துடுறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். அப்படிச் சொல்லிவிட்டால் தெருவே திரண்டு வந்து நின்றாலும் என்னால் எடுக்க முடியாது.

வேன் திருநள்ளாற்றில் சனிக்கிழமைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு ஆறு மணிக்கு மேல்தான் வந்தது. அதற்குள் நாங்கள் எல்லாம் முடித்து, முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். இறங்கியவர் என் வேட்டியைப் பார்த்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய், ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை.

இப்போது குச்சிக்கு வருகிறேன். அது பந்தை மேசையில் உருட்டி மூலைக் குழிகளில் தள்ளும் விளையாட்டுக்கான குச்சி. பந்துகளில் எண் போட்டிருக்கும். அந்த விளையாட்டுக்குச் சரியான பெயர் வேறு என்று மச்சான் சொல்வார். ஆனால் காரைக்காலில் பச்சைத் துணி போட்ட மேசையில் எது உருண்டாலும் அது ஸ்னூக்கர்தான். அவர் சார்ஜாவில் வாங்கிய குச்சி அது. நடுவில் மரை வைத்து இரண்டாகக் கழற்றலாம். கைப்பிடிப் பாதி கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமுமாக வேலைப்பாடு செய்து, மேலே கண்ணாடி போல வார்னிஷ் அடித்தது. மேல்பாதி வெள்ளை மரம், நுனியில் சுண்டுவிரல் நகத்தளவு தோல். ஜிப் வைத்த நீளப் பை ஒன்று உண்டு. மாமனார் இறப்பதற்கு முந்திய லீவில் அதை என்னிடம் கொடுத்து, "ஒங்க கையில இருந்தாத்தான் மாப்ள இது உருப்படியா இருக்கும்" என்றார்.

அப்படி அவர் சொன்னதற்குக் காரணம் என் தொழில். அரசலாற்றுக் கரையோரம் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் அச்சுக்கு மெழுகு பூசுகிறவன் நான். ஃபைபர் படகு ஒரு பெரிய அச்சுக்குள் பிறக்கிறது. உள்ளே ரெசின் ஊற்றுவதற்கு முன்னால் அச்சு முழுவதும் மெழுகு பூசித் துடைத்திருக்க வேண்டும். உள்ளங்கை அகலம் விட்டுப்போனாலும் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும், படகையோ அச்சையோ, சில சமயம் இரண்டையும். புது அச்சு என்றால் ஏழு பூச்சு. நான் பூசின அச்சில் ஒரு படகும் ஒட்டியதில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதாக நினைக்கலாம். வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

சண்டைக்குப் பிறகு அந்தப் பை பீரோ மேலேயே கிடந்தது. கேட்டால் கொடுத்துவிடலாம் என்று நான் இருந்தேன். கேட்க வேண்டுமானால் அவர் என்னிடம் பேச வேண்டும். ஆகவே பீரோ மேலேயே இருந்தது. நானும் திறந்து பார்க்கவில்லை, வீம்புதான். எடுத்துத் துடைத்தால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று பீரோவுக்குத் தெரிந்துவிடும் என்பது போல நடந்துகொண்டேன்.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து, அண்ணன் பொங்கலுக்கு வருது, குச்சி இருக்கான்னு கேட்டுச்சி என்றாள். இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். சொல்லிட்டேன், ஆனா எப்படி இருக்குன்னு பாருங்க என்றாள். பையை இறக்கி ஜிப்பை இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது, பல்லில் உப்பு ஏறியிருந்தது.

எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். இங்கே எதையும் மூன்று வருடம் மூடி வைக்கக்கூடாது என்று எனக்குத் தெரியாதா? கைப்பிடியின் வார்னிஷ் பால் தெளித்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது. மரைக்குப் பக்கத்துப் பித்தளை வளையத்தில் பச்சை பூத்திருந்தது. மேல்பாதி மரம் கை வைத்தால் பிசுபிசுத்தது.  இதை இப்படியே அவர் கையில் கொடுத்தால் என்னை எடுக்கிற அன்றைக்குக்கூட ஒரு வார்த்தை பேச மாட்டார் என்று தோன்றியது.

எனக்கு அவர் பேச வேண்டும். அதைச் சொல்லிவிடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் அவர் லீவில் வந்தால் சாயங்காலமானால் முகத்துவாரத்துக் கல்லில் போய் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம். உருப்படியாக ஒன்றும் பேசியதில்லை. எந்தப் படகு யாருடையது, அவன் ஏன் இந்த நேரத்துக்கு வருகிறான், இப்படித்தான். மூன்று வருடமாக அந்தக் கல்லில் நான் தனியாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். படகு யாருடையது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.

போன் போட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் சொன்னாள். எங்கள் வீடுகளில் அந்த வார்த்தையைப் பத்திரிகையில் படிப்போம், வாயில் வைத்துப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்தது மெழுகு. அவர் கையில் குச்சியைப் புதிதாகக் கொடுத்தால், நல்லா இருக்கு மாப்ள என்று ஒரு வார்த்தை சொல்லாமலா போய்விடுவார் என்று கணக்குப் போட்டேன்.

முறைப்படி செய்வோம் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் குச்சியின் கைப்பிடியில் மெழுகைத் தொட்டுத் தடவி, துடைத்து, அவ்வளவுதான் என்று சிரித்தார். ஒரே பூச்சு! அவர் ஊரில் கடல் இல்லை போலிருக்கிறது. அதற்குமேல் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை, நிறுத்திவிட்டேன்.

முதலில் பித்தளை வளையம். தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, புளிக்கரைசலில் தொட்டு, மரத்தில் படாமல் தேய்த்தேன். பிறகு படகின் மேல்பூச்சுக்குப் போடும் மெல்லிய பாலிஷ் களிம்பை விரலில் எடுத்து வார்னிஷின் வெளுப்பை வட்டம் வட்டமாகத் தேய்த்து எடுத்தேன். அழுத்தக்கூடாது. அழுத்தினால் வெளுப்போடு வார்னிஷும் வந்துவிடும். இரண்டு நாளில் கீழே இருந்த காப்பிக்கொட்டை நிறம் தெரிந்தது. அதற்குப் பிறகு மெழுகு.

மெழுகு பூசத் தெரியாதவர்கள் நிறைய எடுத்து அப்புவார்கள். வேண்டியது ஒரு மிளகளவு. பழைய பனியன் துணியில் எடுத்து, தேய்த்தது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூடுபனி போல மங்கும். மங்கிய பிறகுதான் வேறு துணியால் துடைக்க வேண்டும், உள்ளங்கை சூடாகும்வரை. அடுத்த பூச்சு மறுநாள். மார்கழி மழையில் வீட்டில் மெழுகு மங்குவேனா என்றது. ஆகவே பட்டறைக்கு எடுத்துப்போய், பெரிய பல்பு போட்ட அச்சு அறையில் வைத்துப் பூசினேன். பத்துப் பேர் போகிற படகு அச்சுக்குப் பக்கத்தில் இந்தக் குச்சியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கூட வேலை செய்கிற ஒருவர், இதில் எத்தனை பேர் கடலுக்குப் போகலாம் என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன்.

ஏழு நாள், ஏழு பூச்சு. கைப்பிடிக்கும் மேல்பாதிக்கும். ஏழாவது நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், நிற்காமல் உருண்டு ஓடியது. எங்கள் தொழிலில் இதற்கு மேல் பரீட்சை கிடையாது.

நுனியைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். தொழிலில் முதல் நாள் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, தண்ணீர் பக்கவாட்டில் ஏறாது, வெட்டுமுனையில்தான் ஏறும் என்பது. பலகையானாலும் ஃபைபரானாலும் முனையை அடைத்தால்தான் படகு பிழைக்கும். இந்தக் குச்சியின் நுனித் தோல் சொரசொரவென்று இருந்தது, நீலமாக ஏதோ பூத்துவேறு கிடந்தது. உப்புக் காற்று குடித்து இப்படி ஆகிவிட்டது என்று முடிவு செய்தேன். விளையாடுகிறவர்கள் நீலக் கட்டி ஒன்றை நுனியில் தேய்த்துக்கொள்வதை ஸ்னூக்கர் ஹாலில் பார்த்திருக்கிறேன். கபடி ஆடுகிறவர்கள் உள்ளங்கையில் மண்ணைத் தேய்த்துக்கொள்வது போல அது ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஆகவே நீலத்தை முழுவதும் துடைத்தெடுத்தேன். மெல்லிய உப்புத்தாளால் தோலை வழுவழுவென்று ஆக்கினேன். கரண்டியில் மெழுகை உருக்கி, நுனியை அதில் முக்கி, தோல் குடிக்கிற வரைக்கும் குடிக்க விட்டேன். மற்ற இடத்துக்கு ஏழு பூச்சு என்றால் நுனிக்கு ஒன்பது. அந்த வேலையில் எனக்கு ரொம்பத் திருப்தி.

பொங்கலுக்கு முந்தின நாள் பக்கத்தில் தருமபுரத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய் என் மனைவிதான் கொடுத்தாள். நான் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். கைப்பிடியை வெளியே எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். விரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாராம். யார் செய்தது என்று கேட்டாராம். வேற யாரு என்றாளாம். கைப்பிடியைப் பைக்குள் வைத்துவிட்டு, காணும் பொங்கலன்னிக்கி நாலு மணிக்கு ஹால்ல ஆடுறேன், அவர வரச் சொல்லு என்றாராம். இதை அவள் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஹால் ஒரு பைக் ஷோரூமுக்கு மேலே, முதல் மாடியில். காணும் பொங்கலுக்குக் கடற்கரை முழுக்கக் கூட்டம், ஹாலில் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் லீவில் வந்தவர்கள். எதிராளி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா, அறுபது தாண்டியவர், பேண்டுக்குள் சட்டையைச் செருகிக்கொண்டு ஆடுகிறவர். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போய்ச் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். மச்சான் என்னைப் பார்த்தார். தலையை அசைத்தாரா, இல்லை சட்டைக் காலரைச் சரி செய்தாரா என்று தெரியவில்லை. அசைத்தார் என்றே வைத்துக்கொண்டேன்.

குச்சியை மரையில் பூட்டியபோது நாலு பேர் கிட்டே வந்து பார்த்தார்கள். புதுசா என்று ஒருவர் கேட்டார். பழசுதான் என்றார் மச்சான். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நீலக் கட்டியை எடுத்து நுனியில் தேய்த்தார். அது பிடிக்காமல் வழுக்கியதை நான் பார்த்தேன். மெழுகு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி. குனிந்து, குறி பார்த்து, வேகமாக இடித்தார். நுனி வெள்ளைப் பந்தின் கன்னத்தில் வழுக்கிப் பக்கவாட்டில் ஓடியது. பந்து முக்கோணமாக அடுக்கியிருந்த மற்றப் பந்துகளைத் தொடாமல் நிதானமாகப் போய் மூலைக் குழியில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். பழக்கம் விட்டுப்போச்சு என்றார் இன்னொருவர். சொல்தா பந்தை எடுத்து வைத்துத் தன் ஆட்டத்தை ஆடினார். இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை வெள்ளைப் பந்து துள்ளி மேசையை விட்டே வெளியேறி என் செருப்பருகே வந்து நின்றது. எடுத்து நீட்டினேன்.

அவர் பந்தை வாங்கவில்லை. குச்சியைத் திருப்பி நுனியை விளக்குக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரல் நகத்தால் கீறினார். நகத்தில் சுருளாக வந்ததை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"மாப்ள, என்னத்தத் தடவுனீங்க இதுல?"

என்னிடம் கேட்கிறார் என்பதே எனக்கு உடனே உறைக்கவில்லை. பக்கத்தில் என் மனைவி இல்லை. வேறு யார் வழியாகவும் வராமல் நேராக வந்திருந்தது கேள்வி. கோபத்தில் முகம் சிவந்திருந்தது, ஆனாலும் நீங்கள் என்பது போகவில்லை. சந்தோஷத்தில் பதில் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு, மெழுகு என்றேன். நுனியிலயா என்றார். நுனியைத்தான் முதலில் அடைக்க வேண்டும் என்று ஆரம்பித்து, தண்ணீர் வெட்டுமுனையில் ஏறும் விஷயத்தை விளக்கினேன். மாடியில், மின்விசிறிக்குக் கீழே, பச்சைத் துணி மேசைக்குப் பக்கத்தில் அதைச் சொல்லும்போது எனக்கே அது சரியாகப் படவில்லை.

நுனி சொரசொரப்பாக இருந்தால்தான் அந்த நீலச் சாக் பிடிக்கும், சாக் பிடித்தால்தான் பந்தைப் பிடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அப்புறம், "ஒரு வார்த்த என்னையக் கேட்டுட்டுச் செஞ்சா என்ன?" என்றார்.

நீங்கதான் பேசலையே மச்சான் என்றேன்.

"நீங்க கேட்டீங்களா?"

 சொல்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மச்சான் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்கும் நீங்க கேக்கல. ஏர்போட்ல ரெண்டு மணி நேரம் போன கையில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். கேட்டுருந்தா எடுத்துடுங்கன்னுதான் சொல்லிருப்பேன். அப்பா ஒடம்ப அப்புடிப் போட்டு வச்சிருக்க எனக்கு மட்டும் ஆசையா?"

மூன்று வருடமாக நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஐஸ் பெட்டி, கரண்ட், பெரியவர்கள், திருநள்ளாற்றுக் கூட்டம். காத்திருக்காததற்குக் கோபம் என்றே நினைத்து அத்தனையையும் அடுக்கி வைத்திருந்தேன். அவர் கேட்டதற்கு அதில் ஒன்றும் பதில் இல்லை. பயந்துவிட்டேன், நீங்கள் இருங்கள் என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்துவிட்டேன் என்றேன். அதைத் தவிர உண்மை வேறு எதுவும் என்னிடம் இல்லை.

 ஆட்டம் அப்புறம் என்று மச்சான் சொல்தாவிடம் கையைக் காட்டினார். குச்சியின் மேல்பாதியைக் கழற்றி என் மடியில் வைத்தார். ஹாலைப் பார்த்துக்கொள்கிறவரிடம் உப்புத்தாள் வாங்கிக்கொண்டு வந்தேன். நுனியில் வைத்த பிறகு கை நகரவில்லை. எவ்வளவு சுரண்டட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் என்றார். கொஞ்சம் சுரண்டினேன். இது போதுமா என்று கேட்டேன். இன்னும் என்றார். அப்படியே நாலைந்து தடவை கேட்டேன், நாலைந்து தடவையும் சொன்னார். மெழுகு தோல் முழுவதும் இறங்கியிருந்தது, லேசில் விடுவதாக இல்லை.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அப்பா மொகம் எப்புடி இருந்துச்சி?"

 அன்று காலையில் மாமனாருக்கு முகம் மழித்தது நான்தான். நாவிதர் வரத் தாமதமாகும் என்றார்கள், மகன் வந்து பார்க்கும்போது தாடியோடு இருக்கக்கூடாது என்று நானே சோப்புப் போட்டு மழித்தேன். நாலு மணிக்கு எடுத்துவிடலாம் என்று சொல்வதற்கு முன்னால் அது.

"நல்லா இருந்துச்சி மச்சான். மழிச்சி விட்டேன். மீசைதான் ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலா போயிடிச்சி, நாந்தான் ஒதுக்குனேன்" என்றேன்.

எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம் என்றேன்.